தூளி வைத்த கோட்டு

வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டால் தெருவில் போகிற ஆண்களின் தோளைப் பார்க்காமல் நடக்கலாம் என்று நினைத்திருந்தேன். அது நடக்கவில்லை. விளாங்குடியில் பேருந்துக்கு நிற்கும்போது கண் தானாகப் போகிறது. இவருக்கு இடது தோள் அரை இஞ்ச் இறக்கம். அவருக்குக் காலர் ஒரு அளவு பெரிது. அந்தக் கல்லூரி மாணவர் போட்டிருப்பது நிச்சயமாக அவருடைய அண்ணன் சட்டை.

கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஏழு பேருக்கும் ஏதாவது எழுதித் தரச் சொல்லி முதலாளி கேட்டார். துணி வெட்டுவதைப் பற்றி எழுத மாட்டேன். அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் காகிதத்தில் அரை நாள் வரைந்ததை நீங்கள் கணினியில் டீ ஆறுவதற்குள் வரைந்துவிடுகிறீர்கள். கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு, வெட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் நான் நின்ற நேரங்கள் சில உண்டு. அவற்றைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

நான் இந்தக் கடையில் சேர்ந்தபோது ஆண்களுக்கு அளவெடுக்கும் பெண்ணை வாடிக்கையாளர்கள் பார்த்ததே இல்லை. டேப்பை மார்பில் சுற்றியதும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். வயிறு உள்ளே போகும், நெஞ்சு வெளியே வரும், பார்வை மேலே மின்விசிறிக்குப் போகும். அப்படி எடுத்த அளவில் சட்டை தைத்தால், வீட்டுக்குப் போய் மூச்சு விட்டதும் பட்டன் தெறிக்கும். முதல் இரண்டு மாதம் எனக்குத் திரும்பி வந்த சட்டைகள் ஏராளம்.

பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். டேப்பைச் சுற்றும்போதே, “கடைசியா என்ன படம் பாத்தீங்க?” என்று கேட்பேன். அவ்வளவுதான். மதுரை ஆள் ஒருவர் சினிமா பேச ஆரம்பித்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு பேச முடியாது. படம் எப்படி, சண்டை எப்படி, கதாநாயகன் இடைவேளைக்கு அப்புறம் போட்டு வந்த சட்டை எப்படி என்று கையை ஆட்டிப் பேசுவார். நான் அதற்குள் எல்லா அளவும் எடுத்துவிடுவேன். அவர்கள் சொன்ன அந்தச் சட்டைகளைப் பார்ப்பதற்காகவே நானும் படங்களுக்குப் போக ஆரம்பித்தேன். கதை மறந்துவிடும். எந்தக் காட்சியில் எந்தக் காலர் என்பது மட்டும் இன்றைக்கும் நினைவிருக்கிறது.

மூச்சுப் பிரச்சினை தீர்ந்ததும் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்தது. அதை இறக்கிவிட்டவர் ஒரு கல்யாணப் புகைப்படக்காரர்.

அவருக்குக் கறுப்பு லினனில் ஒரு சட்டை தைத்தேன். உடம்போடு ஒட்டாமல், தொங்காமல், அப்படி ஒரு சட்டை. கண்ணாடி முன் நின்று அவரே தன்னை ஒரு படம் எடுத்துக்கொண்டார். மறுவாரம் திரும்பி வந்தார்.

“அக்கா, சட்டை பிரமாதம். கேமராவத் தூக்குற வரைக்கும்.”

“தூக்குனா?”

அவர் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினார். சட்டை தொப்புளுக்கு மேலே ஏறி நின்றது.

“மண்டபத்துல அம்புட்டு பேரும் பொண்ணு மாப்ளய விட்டுட்டு என் வயித்தப் பாக்குறாங்கக்கா.”

சிரிப்பும் வந்தது, வெட்கமாகவும் இருந்தது. அந்த மனிதரைச் சிலை மாதிரி நிற்கவைத்து அளவெடுத்திருந்தேன். அவரோ நாள் முழுக்கக் கையைத் தூக்குகிறவர். அடுத்த முகூர்த்தத்தில் அவர் வேலை பார்க்கும் மண்டபத்துக்கே போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். தூக்கினார், குனிந்தார், மண்டியிட்டார், ஒரு தடவை தரையில் மல்லாந்து படுத்தே படம் எடுத்தார். புதுச் சட்டையை அதற்கேற்ப வெட்டினேன். அன்றிலிருந்து எல்லோரிடமும் கேட்பேன்: “இதப் போட்டுக்கிட்டு என்ன செய்வீங்க?” சிலர் இந்தக் கேள்விக்குத் திகைப்பார்கள். “போட்டுக்கிட்டு இருப்பேன்” என்று ஒருவர் சொன்னார்.

இனி என் குருவைப் பற்றி. அவருக்கு அப்போது இருபத்துநான்கு வயது இருக்கும். என் சர்வீஸைவிடக் குறைவு. பெயரை எழுதக் கூடாது என்று சொல்லியிருக்கிறார், இப்போது சினிமாவில் பெரிய இடத்தில் இருக்கிறார்.

வண்டியூர் தெப்பக்குளத்தில் ஒரு படக்குழு வந்து இறங்கியது. கதாநாயகனுக்குச் சாம்பல் நிறத்தில் ஒரே மாதிரி மூன்று கோட்டுகள் வேண்டுமென்று நம் கடையில் கேட்டார்கள். தைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். உடைப் பிரிவில் உதவியாளராக இருந்த ஒரு பெண் வாங்கிக்கொண்டார். அவர்தான் என் குரு. கொண்டையில் பென்சில் செருகியிருந்தார். முழுக்கைச் சட்டையின் கைமடிப்பில் வரிசையாக ஊக்குகள்.

கதாநாயகன் படிக்கட்டிலிருந்து பாய வேண்டிய காட்சி. பாதுகாப்புக்கு உடம்பில் பெரிய பெல்ட் கட்டி, முதுகிலிருந்து கம்பி போகிறது. அந்தப் பெல்ட்டுக்கு மேல் என் கோட்டு ஏறவில்லை. எல்லோரும் வெயிலில் நிற்கிறார்கள், இயக்குநர் கடிகாரத்தைப் பார்க்கிறார். அந்தப் பெண் கோட்டைத் திருப்பிப் போட்டு, கத்தரிக்கோலை எடுத்து, முதுகின் நடுவில் மேலிருந்து கீழே ஓட்டிவிட்டார்.

எனக்கு என் முதுகிலேயே வெட்டு விழுந்த மாதிரி இருந்தது. “என்னம்மா செய்ற? அது எம்புட்டு வேலை தெரியுமா?” என்று சத்தம் போட்டேன்.

அவர் ஊக்குக் குத்திக்கொண்டே கேட்டார். “அக்கா, கோட்டு நல்லாருக்கணும்னு தைச்சீங்களா, அவரு நல்லாருக்கணும்னு தைச்சீங்களா?”

என்னை மானிட்டர் முன்னால் உட்காரவைத்தார். திரையில் அந்தக் கோட்டு நான் தைத்ததைவிட நன்றாகத் தெரிந்தது. முதுகில் பதினாறு ஊக்குகள் இருப்பது திரையில் தெரியவே இல்லை. அன்று மத்தியானம் அவரோடு உட்கார்ந்து எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டேன். போன் நம்பர் வாங்கிக்கொண்டேன்.

இனிமேல் சொல்லப் போவதுதான் நான் உங்களுக்கு எழுத உட்கார்ந்த விஷயம்.

அலங்காநல்லூர்ப் பக்கம் கால்நடை மருத்துவமனையில் வேலை பார்க்கும் ஒரு டாக்டர் தன் கல்யாண வரவேற்புக்குக் கோட்டு தைக்க வந்தார். ஒல்லியான ஆள், நிதானமான பேச்சு. அப்பா அம்மா அடுத்தவர் வயலில் வேலை பார்த்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்கள். குடும்பத்தில் முதல் பட்டதாரி இவர்தான். மாட்டுத் தடுப்பூசி அட்டையின் பின்பக்கத்தில் தனக்கு வேண்டிய கோட்டின் படத்தை வரைந்து கொண்டுவந்திருந்தார். கழுத்து மூடிய கோட்டு, முன்னால் ஐந்து பட்டன், இடுப்பில் லேசான பிடிப்பு. பழைய கறுப்பு வெள்ளைப் படங்களைப் போனில் நிறுத்தி நிறுத்திப் பார்த்து வரைந்தாராம். கோடுகள் சுத்தமாக இருந்தன.

“நல்லா வரையிறீங்களே தம்பி” என்றேன்.

“என் ஒடம்புல ஒரு துணி சரியா உக்காந்ததே இல்லக்கா. சின்னதுல மாமா பையன் போட்டது, அப்புறம் பள்ளிக்கூடத்துல குடுத்தது, காலேஜ்ல ரூம்மேட்டுகிட்ட வாங்கிப் போட்டது. ஒண்ணாவது எனக்குண்டே வெட்டுனதா இருக்கட்டும்.”

கரும்பச்சைத் துணி எடுத்தார். உள்ளே வைக்கிற லைனிங் துணிக்காகவே இரண்டு தடவை வந்தார். கடைசியில் அரைத்த மஞ்சள் நிறத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். “இது வெளிய தெரியாதுல்ல தம்பி” என்றேன். “எனக்குத் தெரியும்லக்கா” என்றார்.

கோட்டைத் தைத்தவர் நம் பட்டறையின் பாண்டி அண்ணன். உங்களுக்கு அவரைத் தெரியும். பேச மாட்டார், சிரிக்க மாட்டார், அவர் தைத்த தோளில் ஒரு சுருக்கம் காட்ட முடியாது. கடைசி டிரயலில் டாக்டர் கண்ணாடி முன் வெகுநேரம் நின்றார். பாண்டி அண்ணன் ஓரமாக நின்று பார்த்துவிட்டு, “ம்” என்றார். அவரிடமிருந்து அந்த ‘ம்’ வாங்க நான் பல வருடம் காத்திருந்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரவேற்பு, மறுநாள் காலை முகூர்த்தம். புதன்கிழமை காலை டாக்டரின் அக்கா செல்வி போன் செய்தார்.

“அக்கா, தம்பிய மாடு ஒதச்சிருச்சு.”

கழுத்துக்கும் இடது தோளுக்கும் நடுவில் இருக்கிற காறை எலும்பு முறிந்திருந்தது. ஆபரேஷன் தேவையில்லை, ஆனால் ஆறு வாரம் கை அசையக் கூடாது. மத்தியானம் இருவரும் கடைக்கு வந்தார்கள். டாக்டரின் இடது கை நீல நிறத் துணிப் பட்டையில், கழுத்திலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. முகம் வாடியிருந்தது. செல்வி அப்படியே நேர்மாறு. உள்ளே வரும்போதே ஆரம்பித்துவிட்டார்.

“பாருங்கக்கா, பொண்டாட்டி வாரதுக்கு முந்தியே தூளி கட்டிட்டான்.”

கடையில் இருந்த எல்லோரும் சிரித்தோம். டாக்டரும் சிரித்தார், சிரித்ததும் தோள் வலித்து முகத்தைச் சுளித்தார். அன்றிலிருந்து அந்தப் பட்டைக்கு எங்கள் எல்லோருக்கும் தூளி என்றே பெயர்.

கோட்டு தயாராகித் தொங்கிக்கொண்டிருந்தது. இடது கை அதற்குள் போகாது.

“மேல சும்மா போத்திவிட்ருவோம்” என்றார் செல்வி. முதலாளி நல்ல பட்டுச் சால்வை ஒன்று தருகிறேன் என்றார். டாக்டர் கோட்டைத் தொட்டுப் பார்த்தார்.

“விடுங்கக்கா. வேட்டியக் கட்டிக்கிட்டு மேல துண்டப் போட்டுக்கிறேன். கோட்டு எங்க போயிரப் போகுது.”

அவர் சொன்ன விதம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒன்று கிடைக்காமல் போவது அவருக்குப் பழக்கம் என்பது அந்தக் குரலில் தெரிந்தது. அழுதிருந்தால்கூட நான் சமாதானம் சொல்லி அனுப்பியிருப்பேன்.

“நாளைக்கு வாங்க” என்றேன். என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது.

அன்று நான் செய்தது தவறான வேலை. தூளியை மறைக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். கை உள்ளேயே இருக்கட்டும், மேலே கோட்டின் இடது பக்கத்தைப் பெரிதாக்கி மூடிவிடலாம் என்று காடாத் துணியில் மாதிரிக்கு ஒன்று தைத்துவைத்தேன். மறுநாள் காலை டாக்டருக்குப் போட்டுப் பார்த்தோம். செல்வி சுற்றி வந்து பார்த்தார்.

“ஏழு மாசம் மாதிரி இருக்கான்” என்றார்.

உண்மை. அப்படித்தான் இருந்தார். நான் என் குருவுக்கு வீடியோ கால் போட்டேன். சென்னையில் ஏதோ படப்பிடிப்பில் இருந்தார், பின்னால் யாரோ ஆணி அடிக்கிற சத்தம். டாக்டரைக் காட்டினேன். அன்றைக்குச் செய்தது மாதிரி முதுகில் திறந்துவிடலாமா என்று கேட்டேன்.

“சினிமால கேமரா நாம வைக்கிற இடத்துல இருக்கும்க்கா. கல்யாணத்துல எல்லாப் பக்கமும் இருக்கும். மேல ட்ரோன் வேற பறக்கும். அத விடுங்க. எதை மறைக்கப் பாக்குறீங்க?”

“கையத்தான்.”

“ஏன்? மாடு உதைச்சது அவங்க ஊர்ல யாருக்குத் தெரியாது?”

செல்வி போனுக்குள் தலையை நீட்டினார். “பால்காரரு சொல்லி மூணு ஊருக்குத் தெரியும்மா.”

“அப்புறம் எதுக்கு மறைக்கிறீங்க? எல்லாருக்கும் தெரிஞ்சத அழகாக் காட்டிருங்க” என்று சொல்லிவிட்டு, யாரோ கூப்பிட, வைத்துவிட்டார்.

இரண்டு நிமிடம்கூடப் பேசவில்லை. ஆனால் எனக்கு வழி திறந்துவிட்டது. தூளி வெளியே இருக்கட்டும். நீலப் பட்டைக்குப் பதிலாக நாமே ஒன்று தைப்போம். மிச்சம் என்ன துணி இருக்கிறது என்று பார்த்தேன். கரும்பச்சையில் ஒரு முழம்கூட இல்லை. லைனிங் துணி, அந்த அரைத்த மஞ்சள், தாராளமாக இருந்தது. வழுக்குகிற துணி என்பதால் உள்ளே பருத்தி வைத்துத் தைக்க வேண்டும், அவ்வளவுதான்.

கோட்டின் இடது கைக்கு மட்டும் ஒரே வழிதான் இருந்தது. காலரிலிருந்து தோள் வழியாக மணிக்கட்டு வரைக்கும், கையின் மேல்பக்கம் முழுவதும் திறக்க வேண்டும். கையை அதன்மேல் வைத்து, மேலே பிரஸ் பட்டன்களால் மூட வேண்டும். நான் முதலில் செல்வியை எலும்பு டாக்டரிடம் அனுப்பினேன். உடுத்தும்போது கையை எவ்வளவு விலக்கலாம், எப்படிக் குனியலாம் என்று கேட்டு, அவர் அதைச் செய்து காட்டுவதைப் போனில் படம்பிடித்து வரச் சொன்னேன். கோட்டுக்காக அந்த எலும்பு ஒரு நூல்கூட நகரக் கூடாது. இதில் நமக்கு அபிப்பிராயமே கிடையாது, அவர் சொன்னதுதான் அளவு.

பதில் வந்தது. செய்யலாம். இனி கத்தரிக்கோல்தான்.

பாண்டி அண்ணன் முன்னால் கோட்டை விரித்தேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “எங் கையால நான் அத வெட்ட மாட்டேம்மா” என்று சொல்லி எழுந்து ஜன்னலோரம் போய்விட்டார்.

முதலாளியும் தயங்கினார். “வெட்டிட்டு சரியா வரலைன்னா? இப்பவாவது முழுக் கோட்டு இருக்கு. கை சரியானதும் போட்டுக்குவாரு.”

அவர் சொன்னதிலும் தப்பில்லை. கத்தரிக்கோலை எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன். பிறகு டாக்டருக்கே போன் செய்தேன்.

“தம்பி, கோட்ட வெட்டப் போறேன். சரியா வந்தா ஞாயித்துக்கிழமை போடலாம். வரலைன்னா கோட்டே கிடையாது.”

“அக்கா, கன்னு வெளிய வராம கெடந்தா நான் மாட்டோட வயித்தக் கிழிச்சு எடுப்பேன். அதுக்கு முந்தி மாட்டுக்காரங்ககிட்ட இதே மாதிரிதான் சொல்லுவேன்.”

“அவங்க என்ன சொல்லுவாங்க?”

“பாத்துச் செய்யுங்க சாமிண்டு சொல்லுவாங்க.”

“நீங்க என்ன சொல்றீங்க?”

“பாத்துச் செய்யுங்கக்கா.”

வெட்டினேன். காலர் ஓரத்தில் ஆரம்பித்து ஒரே மூச்சில் மணிக்கட்டு வரைக்கும். நடுவில் நிறுத்தினால் வெட்டு கோணிவிடும் என்று தெரியும். வெட்டின ஓரங்களை மூடக் கறுப்பில் ஒரு விரல் அகலப் பட்டை வைத்து, அடியில் பிரஸ் பட்டன்களை மறைத்துத் தைக்க ஆரம்பித்தேன். பாதியில் நிமிர்ந்து பார்த்தேன். மேசை மீது ஒரு காயம்பட்ட கோட்டு கிடந்தது. ஒரு கையில் கறுப்புக் கோடு, ஒரு கையில் ஒன்றுமில்லை.

அப்போது ஜன்னலோரத்திலிருந்து பாண்டி அண்ணன் வந்து நின்றார். கையில் கறுப்புப் பட்டை, அளவாக வெட்டி, இஸ்திரி போட்டு.

“ஒத்தப் பக்கம் மட்டும் வச்சா ஒட்டுப் போட்டாப்ல தெரியும். ரெண்டு பக்கமும் வச்சிட்டா அதுதான் டிசைனு” என்றார். நான் பதில் சொல்வதற்குள் வலது கையை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் டிரயல். எலும்பு டாக்டர் காட்டியபடி டாக்டர் லேசாக முன்னால் குனிந்தார். கோட்டை அடியிலிருந்து கொண்டுவந்து, மேலே மூடி, பட்டன்களை ஒவ்வொன்றாக அமுக்கினேன். வலிக்கிறதா என்று ஒவ்வொரு பட்டனுக்கும் கேட்டேன். “இல்லக்கா, இல்லக்கா” என்றார். கடைசியாக மஞ்சள் தூளி. நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தார். கரும்பச்சைக்கு மேல் அந்த மஞ்சள், இரண்டு கைகளிலும் நேராக இறங்கும் கறுப்புக் கோடு. தூளியை வலது கையால் தடவினார்.

“இந்தத் துணி வெளிய வரும்ண்டு நெனைக்கவே இல்லக்கா” என்றார். கண்ணாடியை விட்டு நகரவே இல்லை. செல்வி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தில் முடித்துக்கொண்டால் நான் ரொம்பக் கெட்டிக்காரி என்று நீங்கள் நினைத்துவிடுவீர்கள். ஞாயிற்றுக்கிழமை நடந்ததையும் கேளுங்கள்.

வண்டியூரில் மண்டபம். டாக்டருக்கு உடுத்திவிட நானும் பாண்டி அண்ணனும் போயிருந்தோம். எல்லாம் சரியாக நடந்தது. அவர் மேடையில் ஏறியதும் கூட்டத்தில் ஒரு சலசலப்பு. இளவட்டங்கள் போனைத் தூக்கின. மணப்பெண் ஒரு பள்ளி ஆசிரியை. அவர் டாக்டரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு ஏதோ சொல்ல, டாக்டர் சிரித்தார். நான் கீழே முதல் வரிசையில் உட்கார்ந்து ஒரு ரோஸ்மில்க்கைக் கையில் வாங்கினேன்.

அப்போதுதான் மாலை வந்தது. மாமன் முறைக்காரர்கள் இரண்டு பேர் தாம்பாளத்தில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். என் தொடை பருமனுக்கு ரோஜா மாலை, கீழே குஞ்சம். ஒரு பச்சைக் குழந்தையின் எடையாவது இருக்கும். மாலை மாற்றிக்கொள்ளச் சொல்லி வீடியோக்காரர் இடம் காட்டுகிறார். மணப்பெண் கையில் மாலையைக் கொடுக்கிறார்கள். அது நேராக அந்த முறிந்த எலும்பின் மீதுதான் ஏறப் போகிறது.

“இதப் போட்டுக்கிட்டு என்ன செய்வீங்க?” என்று ஊரெல்லாம் கேட்டவள் நான். மாப்பிள்ளையிடம் மட்டும் கேட்கவில்லை. மாப்பிள்ளை மாலை போடுவார் என்று யாராவது சொல்லித்தர வேண்டுமா?

ரோஸ்மில்க் எங்கே போனதென்று தெரியவில்லை. மேடையில் ஏறி, “மாலையப் போடாதீங்க” என்று கத்திவிட்டேன்.

நாதஸ்வரம் நின்றது. கல்யாண மேடையில் யாரோ ஒரு பெண் ஏறி மாலையைப் போடாதே என்று சொன்னால் ஊர் என்ன நினைக்கும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். மணப்பெண்ணின் பெரியப்பா மீசையோடு என் முன்னால் வந்து நின்றார்.

“யாரும்மா நீ?”

“கோட்டத் தச்சவ.”

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. நான் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னேன். “எலும்பு முறிஞ்ச தோளுங்கய்யா அது. இம்புட்டுக் கனம் அதுல ஏறக் கூடாது.”

எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். மாலை இல்லாமல் எப்படி என்றார் ஒருவர். சின்ன மாலை வாங்கி வரச் சொல்லுங்கள் என்றார் இன்னொருவர். பூவை உதிர்த்துக் கனத்தைக் குறைக்கலாம் என்றார் செல்வி, அதற்கு நாலு பேர் அபசகுனம் என்றார்கள். நான் குற்றவாளி மாதிரி நடுவில் நின்றேன்.

மணப்பெண் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. கையிலிருந்த மாலையை ஒரு தடவை பார்த்தார். டாக்டரின் தோளைப் பார்த்தார். மாலையை அப்படியே இரண்டாக மடித்து, அவருடைய வலது தோளில், துண்டு போடுகிற மாதிரி போட்டுவிட்டார். முன்னால் பாதி, பின்னால் பாதி. இடது பக்கத்தில் மஞ்சள் தூளி, வலது பக்கத்தில் சிவப்பு மாலை.

“கனக்குதா?” என்று கேட்டார்.

“இல்ல” என்றார் டாக்டர்.

பெரியப்பா மீசையைத் தடவினார். “துண்டு போட்ட மாப்ளதான். நம்ம வழக்கந்தான்” என்றார். கூட்டம் கைதட்டியது. நாதஸ்வரம் மறுபடி ஆரம்பித்தது. நான் கீழே இறங்கி வந்தபோது பாண்டி அண்ணன் எனக்கு வேறொரு ரோஸ்மில்க் வாங்கி வைத்திருந்தார்.

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். மறந்துபோன ஒன்று கடைசி நேரத்தில் நினைவு வந்தால், எத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தாலும் எழுந்து சொல்லிவிடுங்கள். பதில் நம்மிடம் இருக்க வேண்டும் என்றில்லை. மேடையில் வேறு யாரிடமாவது இருக்கும். வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அந்தப் பெண்ணுக்குக் கேள்வியே தெரிந்திருக்காது.

அந்த வாரமே படங்கள் போனில் சுற்ற ஆரம்பித்தன. கையில் கறுப்புக் கோடு போட்ட கோட்டு வேண்டுமென்று மூன்று இளைஞர்கள் வந்தார்கள். ஒருவர் அந்த மஞ்சள் தூளியும் வேண்டும் என்றார்.

“கை நல்லாத்தான இருக்கு தம்பி?” என்று கேட்டேன்.

“இருக்கட்டும்க்கா. படத்துக்கு எடுப்பா இருக்கும்” என்றார். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. பாண்டி அண்ணன்தான், “மொதல்ல போய் மாட்டுகிட்ட ஒத வாங்கிட்டு வரச் சொல்லு” என்றார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே பகடி அதுதான்.

இரண்டு மாதம் கழித்து டாக்டர் மனைவியோடு கடைக்கு வந்தார். எலும்பு கூடிவிட்டது. கையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். கோட்டையும் ஒரு பையில் மடித்துக் கொண்டுவந்திருந்தார், ஒரு பட்டன் தளர்ந்திருந்தது.

அதைச் சரிசெய்து கொடுத்தேன். பிறகு, இனிமேல் எதற்கு இந்தத் திறப்பு என்று நினைத்து, “இந்தக் கைய உள்பக்கமா மூடித் தச்சிரவா தம்பி? ஒரு மணி நேர வேலைதான்” என்று கேட்டேன்.

டாக்டர் மனைவியைப் பார்த்தார். மனைவி வேண்டாம் என்று தலையாட்டினார்.

“அப்படியே இருக்கட்டும்க்கா” என்றார் டாக்டர். “எங்க பக்கம் மாடு நெறைய இருக்கு.”